சிமோன் லீ கூட்டத்துக்கு உதவுன எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

வணக்கம் மக்களே. போன சனிக்கிழமை அமெரிக்க கறுப்பின சிற்பக் கலைஞர் சிமோன் லீய பத்தி பேச நாம வச்ச கூட்டம் நல்லபடியா முடிஞ்சுது, இவ்ளோ பேர் வருவீங்கன்னு சத்தியமா நினைக்கல, நாற்காலி பத்தாம சில பேர் ஜன்னல் திட்டுல உக்காந்து கேட்டீங்க. வாட்ஸ்அப்ல ஒவ்வொருத்தருக்கா தேங்க்ஸ் போட்டா கண்டிப்பா யாராவது விட்டுப்போயிடும், அதனால பொதுவா இங்கயே எழுதிடறேன். வர முடியாதவங்க என்னதான் பேசுனீங்கன்னு கேட்டுட்டே இருக்கீங்க, அதையும் சேர்த்து சொல்லிடறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல் நன்றி எங்க கீழ் வீட்டு ஆன்ட்டிக்கு. அவங்களுக்கு தமிழ் தெரியாது, நான் பக்கத்துல உக்காந்து படிச்சு சொல்லிக்கறேன். ஜமைக்காக்காரங்க, நியூயார்க் புரூக்ளின்ல ஃப்ளாட்புஷ்ங்கற ஏரியாவுல ரொம்ப வருஷமா இருக்காங்க, வயசானவங்க வீட்டுக்கு போய் அவங்கள பாத்துக்கற வேலை. போன குளிர்காலத்துல நான் எப்படி இருந்தேன்னு உங்கள்ல சில பேருக்கு தெரியும், மீதி பேருக்கு தெரியாம பாத்துக்கிட்டேன். தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கல, ஆபீஸ் வேலைக்கு லாகின் பண்ணிட்டு ஸ்க்ரீனையே வெறிச்சுட்டு உக்காந்திருப்பேன், ஊர்லேர்ந்து அம்மா போன் பண்ணும்போது மட்டும் தொண்டைய கனைச்சு குரல சரி பண்ணிக்குவேன். டாக்டர பாக்கணும்னு எனக்கே தெரிஞ்சுது. ஆனா இன்சூரன்ஸ்காரன் குடுத்த லிஸ்ட்ல இருக்கற நம்பருக்கெல்லாம் அடிச்சா ஒரு இடத்துல புது பேஷன்ட் எடுக்கறதில்ல, ஒரு இடத்துல வெயிட்டிங் லிஸ்ட், ஒரு இடத்துல அந்த டாக்டரே இப்போ அங்க இல்லையாம். நானும் சரிங்க சரிங்கன்னு போனை வச்சுடுவேன்.

ஒரு நாள் எதோ தபால் மாறி வந்துச்சுன்னு குடுக்க மேல வந்த ஆன்ட்டி என் மூஞ்சிய பாத்துட்டு ஒண்ணும் கேக்கல, கீழ போய் ஒரு பை நிறைய பச்சை துவரங்காய எடுத்துட்டு திரும்ப வந்தாங்க (கிறிஸ்மஸ் நேரம், அவங்க ஊர்ல அப்போ பச்சை துவரை போட்டு தேங்காப்பால்ல சோறு ஆக்குவாங்க, நான் வளந்த ஊர்லயும் பச்சை துவரை அவிச்சு திம்போம்ங்கறதால எனக்கு அந்த வாசமே போதும்). என் போனை வாங்கி ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வச்சுட்டு காய உரிச்சுக்கிட்டே அந்த ஹோல்ட் மியூசிக்க கேட்டுட்டு இருந்தாங்க. அந்தப் பக்கம் யாராவது எடுத்து மார்ச்லதான் இடம் இருக்குன்னா, "மார்ச் எனக்கு எதுக்கும்மா, யாராவது கேன்சல் பண்ணியிருப்பாங்க, நீ பாரு, நான் லைன்லயே இருக்கேன்", அதே குரல், கோவமே இல்ல, திரும்ப திரும்ப அதே வார்த்தை. பை காலியாகறதுக்குள்ள அந்த வாரத்துலயே ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டாங்க.

ஏன் ஆன்ட்டி இவ்ளோ பிடிவாதமா நின்னீங்கன்னு கேட்டேன். எஸ்மின் கிரீன்னு ஒரு பேர் சொன்னாங்க.

எஸ்மின் எலிசபெத் கிரீன், 49 வயசு, பிள்ளைங்கள ஜமைக்காவுல விட்டுட்டு புரூக்ளினுக்கு பொழைக்க வந்த அம்மா. 2008 ஜூன்ல மனசு ரொம்ப மோசமான நிலைமைல புரூக்ளின்ல ஒரு ஆஸ்பத்திரியோட மனநல எமர்ஜென்சிக்கு அவங்கள கொண்டுபோனாங்க. பெட் இல்லன்னு வெயிட்டிங் ரூம்லயே கிட்டத்தட்ட 24 மணி நேரம் உக்கார வச்சாச்சு. 19ஆம் தேதி விடிகாலைல நாற்காலியிலேர்ந்து சரிஞ்சு தரையில குப்புற விழுந்தாங்க, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தாங்க, செக்யூரிட்டி எட்டிப் பாத்துட்டு போறது எல்லாம் கேமராவுல பதிவாகியிருக்கு. அவங்க தரையில கிடந்த நேரத்துல எழுந்து பாத்ரூம் போனதா ரெக்கார்ட்ல எழுதி வச்சிருந்தாங்கங்கறதுதான் எனக்கு இன்னும் ஆறல. ஒரே இடத்துல உக்காந்தே இருந்ததுல கால்ல ரத்தம் கட்டி அது நுரையீரலுக்கு ஏறி அடைச்சுடுச்சு, அதாவது மனசு சரியில்லன்னு போனவங்க காத்திருந்ததாலயே செத்தாங்க. 2009ல நியூயார்க் நகரம் அந்த குடும்பத்துக்கு 20 லட்சம் டாலர் குடுத்து கேஸ முடிச்சுக்கிச்சு. ஆன்ட்டிக்கு அவங்கள நேர்ல தெரியாது, சர்ச்ல ஜெபம் பண்ணுனப்ப கேட்ட பேர்தான். ஆனா அன்னைக்கு முதல் யாராவது உக்காரு கூப்பிடறோம்னு சொன்னா அவங்களுக்கு ஆகவே ஆகாதாம்.

இந்தக் கதைய தேடப் போய்தான் நான் சிமோன் லீ கிட்ட வந்து சேந்தேன். 1967ல சிகாகோவுல பிறந்தவங்க, அப்பா அம்மா ஜமைக்காலேர்ந்து வந்த மிஷனரிங்க. காலேஜ்ல படிச்சது கலையும் தத்துவமும், கை போனது களிமண்ணுக்கு. சிற்பம், வீடியோ, பெர்ஃபார்மன்ஸ் எல்லாம் பண்ணுவாங்க, அதுக்கு மேல ஆளுங்க வந்து சிகிச்சை எடுத்துக்கற ஒரு இடத்தையே உண்டாக்கி இதுதான் என் படைப்புன்னு வைக்கவும் செய்வாங்க. 2016ல நியூயார்க் நியூ மியூசியத்துல அவங்க வச்ச கண்காட்சிக்கு பேரே வெயிட்டிங் ரூம், எஸ்மின் கிரீன் செத்ததுலேர்ந்து பிறந்ததுதான் அது. மூலிகை நிறைஞ்ச ஒரு மருந்துக்கடை, தியானத்துக்கு ஒரு ரூம், உடற்பயிற்சிக்கு ஒரு இடம். மியூசியம் மூடுனப்புறம் வேடிக்கை பாக்கறவங்க யாரும் இல்லாம தனியா இலவச சிகிச்சையும் பயிற்சியும் நடந்துச்சு. கறுப்பினப் பெண்களோட ஆரோக்கியத்துக்கு இருக்கற பெரிய ஆபத்துல ஒண்ணு கீழ்ப்படிதல்னு லீ அப்போ சொன்னாங்க. சரிங்க சரிங்கன்னு போனை வச்ச எனக்கு அத படிச்சப்ப சுருக்குன்னு இருந்துச்சு.

அந்த வருஷ கோடையில போலீஸ்காரங்க கையால கறுப்பின மக்கள் சாகறது அடுத்தடுத்து நடந்துட்டிருந்துச்சு. லீ மத்த பெண் கலைஞர்கள கூப்பிட்டாங்க, நூத்துக்கு மேல வந்தாங்க, பிளாக் லைவ்ஸ் மேட்டருக்கான கறுப்பினப் பெண் கலைஞர்கள்னு ஒண்ணு சேந்து செப்டம்பர் 1ஆம் தேதி அந்த மியூசியத்தையே ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துக்கிட்டாங்க, துக்கம் கேக்க, பாட, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்க.

இப்போ லைப்ரரி அம்மாவுக்கு நன்றி. ரூம் குடுத்தது மட்டும் இல்ல, லீ 2014ல நடத்துன ஒரு இலவச க்ளினிக் பத்தி இருந்த பழைய கேட்டலாக், பேப்பர் கட்டிங் எல்லாம் தேடி எடுத்து பரப்பி வச்சுட்டாங்க, நான் கேக்கவே இல்ல. அந்த க்ளினிக்க பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா எனக்கு லீயோட வேலையிலயே அதுதான் ஒசத்தி. புரூக்ளின்ல பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட்ங்கற ஏரியாவுல டாக்டர் ஜோசஃபின் இங்கிலிஷ்னு ஒருத்தர் இருந்தாங்க, நியூயார்க் மாநிலத்துலயே சொந்தமா பிரசவ க்ளினிக் நடத்துன முதல் கறுப்பினப் பெண், கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் பிள்ளைங்க பிறந்தப்ப பிரசவம் பாத்தது அவங்கதான். அவங்க இருந்த வீட்டுலயே லீ இலவச க்ளினிக் நடத்துனாங்க, யோகா, அக்குபங்சர், எச்ஐவி டெஸ்ட், டான்ஸ் கிளாஸ், உதவிக்கு இருந்தவங்க பழைய காலத்து நர்ஸ் உடுப்புல. பேர் கறுப்பின உரிமைக்குப் போராடுன பிளாக் பாந்தர் கட்சிக்காரங்க நடத்துன இலவச க்ளினிக்லேர்ந்து வந்துச்சு. அதுக்கும் முன்னாடி ஒரு வேர் இருக்கு, 1867ல வர்ஜீனியாவுல அன்னெட்டா லேன், ஹாரியட் டெய்லர்னு அடிமைத்தனத்துலேர்ந்து மீண்ட ரெண்டு பெண்கள் ஆரம்பிச்ச யுனைடெட் ஆர்டர் ஆஃப் டென்ட்ஸ், நோயாளிய பாக்க, வயசானவங்கள பாக்க, செத்தவங்கள அடக்கம் பண்ண கறுப்பினப் பெண்கள் ரகசியமா நடத்துன சங்கம். இன்னும் இருக்கு, புரூக்ளின்ல மெக்டோனா தெருவுல அவங்க கட்டடத்த நீங்க கடந்தே போயிருப்பீங்க.

2022ல வெனிஸ் பியன்னாலேங்கற பெரிய கலைக் கண்காட்சில தங்கச் சிங்கம் விருது வாங்குனது, அமெரிக்கா சார்பா அங்க போன முதல் கறுப்பினப் பெண்ங்கறது எல்லாம் பெரிய விஷயந்தான், யாரு இல்லன்னா. ஆனா ஒரு வீட்டு வாசல தொறந்து வச்சு வாங்க பிரஷர் பாத்துக்கலாம்னு சொன்னதுக்கு சிங்கம் யாரும் குடுக்கல.

செராமிக் அக்கா, உங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் பத்தாது. ஸ்டுடியோவ மூடிட்டு போர்சலின், அதாவது வெள்ளைப் பீங்கான் களிமண்ண தூக்கிட்டு சப்வேல வந்தீங்க. லீயோட தலைச் சிற்பங்கள்ல முடி இருக்கற இடத்துல சின்னச் சின்ன போர்சலின் ரோஜா நூத்துக்கணக்குல இருக்கும், ஒவ்வொண்ணும் கையால பண்ணது, அத பண்ணி பாக்கலாம்னு சொன்னது அக்காதான். பட்டாணி சைஸ்ல ஒரு உருண்டை எடுத்து கட்டைவிரலால உள்ளங்கையில வச்சு தேய்ச்சா இதழ், அத சுருட்டுனா மொட்டு, அத சுத்தி அடுத்த இதழ். கேக்க ஈஸி. பூரி மாவு மாதிரி இழுத்தா கிழிஞ்சுடுது, யோசிச்சுட்டு உக்காந்தா அதுக்குள்ள காஞ்சு ஓரம் வெடிக்குது, தண்ணி தொட்டா கொழகொழன்னு போயிடுது. அஞ்சு நிமிஷத்துல அந்த ரூம்ல சத்தமே இல்ல. அப்புறம் யாரோ தானா பேச ஆரம்பிச்சாங்க, கண்ண ரோஜாவுல வச்சுக்கிட்டே, யார் முகத்தையும் பாக்காம, பிரசவத்துக்கு அப்புறம் குழந்தைய தூக்கவே பயந்தத பத்தி. யாருன்னு சொல்ல மாட்டேன், நன்றி மட்டும் சொல்லிக்கறேன். அதுக்கப்புறம் நாலஞ்சு பேர் பேசுனீங்க, ரெண்டு அண்ணன்மாரும் பேசுனீங்க. மைக் குடுத்து பேசுங்கன்னா பேசியிருப்பீங்களான்னு தெரியல.

உப்பு போட்டு சுடறத பத்தி அக்கா சொன்னதும் பல பேர் திரும்ப கேக்கறீங்க. லீ அதையும் பண்ணுவாங்க. சூளை நல்லா சூடேறி 1200 டிகிரிக்கு மேல இருக்கும்போது உப்ப உள்ள போடுவாங்க, அது ஆவியாகி மண்ணுல இருக்கற சிலிகாவோட சேந்து மேல கண்ணாடி மாதிரி படிஞ்சுடும், ஆரஞ்சுத்தோல் போல புள்ளி புள்ளியா. எங்க எவ்ளோ படியும்னு முழுசா நம்ம கையில இல்ல. வீட்டு அவன்ல ட்ரை பண்ணாதீங்க தயவுசெஞ்சு.

கேள்வி நேரத்துல ஒரு பெரியவர், கறுப்பினத்தவங்க பிரச்சனைய நாம ஏன்மா பேசணும்னு கேட்டார். அவருக்கும் நன்றி, நிறைய பேர் மனசுல வச்சுக்கிட்டு கேக்காம இருக்கறத வாய் விட்டு கேட்டதுக்கு. நம்ம வீடுகள்ல அந்த ஏரியா பக்கம் போகாத, அவங்களோட சேராதன்னு சொல்றது எல்லாருக்கும் தெரியும், சும்மா மழுப்ப வேண்டாம். ஆன்ட்டிதான் பதில் சொன்னாங்க, "உங்க வீட்ல யாருக்காவது முடியலன்னா எமர்ஜென்சில முதல்ல வந்து கைய பிடிக்கற நர்ஸ் எந்த ஊர்ப் பொண்ணுன்னு பாத்திருக்கீங்களா?" அவ்ளோதான், உக்காந்துட்டாங்க. அதுக்காக எஸ்மின் கிரீனுக்கு நடந்தது நமக்கும் நடக்கறதுதான்னு ஒரே தட்டுல வைக்க நான் ரெடியா இல்ல. எனக்கு கதவு தொறக்க லேட் ஆச்சு, அவங்க தரையில கிடந்தத ஆஸ்பத்திரிக்காரங்க பாத்துட்டு கடந்து போனாங்க. அடிமைப்பட்ட பெண்கள மயக்க மருந்து இல்லாம அறுத்து பழகுன டாக்டர் ஜே. மரியன் சிம்ஸுக்கு சென்ட்ரல் பார்க் பக்கத்துல 2018 வரைக்கும் சிலை இருந்துச்சு. அத எடுத்தப்புறம் அந்த இடத்துல புது சிலை வைக்க தேர்வுக்குழு லீயத்தான் எடுத்துச்சு, அந்த ஏரியா மக்களுக்கு வேற ஒரு கலைஞரோட டிசைன் பிடிச்சிருந்துச்சுன்னதும் லீ தானாவே விலகிட்டாங்க. யாருக்கு வரும் அந்த மனசு.

சைக்காலஜி படிச்ச நம்ம தங்கச்சிக்கு நன்றி, எல்லாத்தையும் தரைக்கு கொண்டுவந்ததுக்கு. களிமண்ணும் தியானமும் நல்லதுதான், அதுக்காக மருந்த நிறுத்திடாதீங்கன்னு முதல்லயே சொல்லிட்டா. மருந்து சாப்ட்டா பழகிடுமாமேன்னு ஒரு அம்மா கேட்டதுக்கு, டிப்ரஷன் மருந்து வேலை செய்யவே சில வாரம் ஆகும், திடீர்னு நிறுத்துனாதான் தொந்தரவு, நிறுத்தணும்னா டாக்டர்கிட்ட கேட்டு கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்னு பொறுமையா சொன்னா. மனசு முடியாதப்ப கூப்பிடற ஹெல்ப்லைன்னு அவ போர்டுல எழுதுன நம்பர் ரெண்டும் பல பேர் கேட்டீங்க, அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு 988, ஊர்ல இருக்கறவங்களுக்கு டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம்.

புளியோதரை அண்ணா அண்ணிக்கு நன்றி. ப்ரொஜெக்டர் தம்பிக்கு நன்றி, நியூயார்க் ஹை லைன் பார்க்ல 2019ல நின்ன லீயோட அந்த 16 அடி வெண்கலப் பொண்ணு, பிரிக் ஹவுஸ், அத சுவர் முழுக்க போட்டு காட்டுனப்ப பாவாடையே வீடா இருக்கு, கண்ணே இல்லையேன்னு சின்னப் பிள்ளைங்க கத்துனது நல்லா இருந்துச்சு. நேர்ல பாக்கணும்னா ஃபிலடெல்ஃபியாவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டி வாசல்ல ஒண்ணு நிக்குது, மே மாசம் வேன் எடுக்கலாம்னு பேச்சு, வர்றவங்க பேர் குடுங்க.

ரோஜாவெல்லாம் சூளைக்கு போயாச்சு, அடுத்த வாரம் அக்கா ஸ்டுடியோவுல வாங்கிக்கலாம், பேர் எழுதாதவங்க உங்க ரோஜாவ நீங்களே அடையாளம் கண்டுபிடிச்சுக்கோங்க. அப்புறம் மூடி இல்லாத ஒரு எவர்சில்வர் தூக்கு என் வீட்ல இருக்கு, அடியில ஆர்.எஸ்.னு பேர் வெட்டியிருக்கு, யாரோடதுன்னு சொல்லுங்க, இல்லன்னா ஆன்ட்டி துவரை போட்டு வைக்க கேட்டுட்டு இருக்காங்க.