அக்காவுக்கு ஒரு கடிதம்

ஷேக்கர் ஹைட்ஸ், ஒஹாயோ

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். குளிர் தொடங்கிவிட்டது, பாப்பா பள்ளிக்குப் போய்வருகிறாள். இவற்றையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். தொலைபேசியில் சொல்ல வாய் வராத ஒன்றுக்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் குழுவில், செலஸ்ட் இங் எழுதி 2017-இல் வெளிவந்த 'லிட்டில் ஃபயர்ஸ் எவ்ரிவேர்' நாவலை இம்முறை பேசினோம். கதை நடப்பது 1990களின் பிற்பகுதியில், நாங்கள் இருக்கும் இதே ஊரில். ஹாங்காங்கிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த அந்த எழுத்தாளர், சிறுவயதில் வளர்ந்ததும் இங்கேதான். கிளீவ்லாந்தை ஒட்டி, வீதிகள் முதல் வீட்டின் தோற்றம்வரை திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது. எங்கள் வீட்டுக்கு வெளியே ஒரே வாசல் கதவுதான் என்றும், உள்ளே நுழைந்த பிறகே மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனிக் கதவுகள் என்றும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன் அல்லவா? இரண்டு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு, தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கு ஒரே குடும்பத்தின் சொந்த வீடாகத் தெரிய வேண்டும் என்பதே அதன் காரணமாம். நாவலில் அதைப் படித்ததும் கீழே இறங்கிப்போய் அந்தக் கதவைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதையில் மியா என்ற புகைப்படக் கலைஞர், மகளுடன் அப்படி ஒரு வீட்டில் குடிவருகிறார். வீட்டுக்காரர் ரிச்சர்ட்சன் என்ற வசதியான குடும்பம். மியாவின் நிறம் நாவலில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. 2020-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெர்ரி வாஷிங்டன் நடித்ததால் அவர் கறுப்பினப் பெண்ணாகிவிட்டார். ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தவள் பீபி என்ற சீனப் பெண். கையில் காசில்லாமல், பாலூட்ட வழியில்லாமல், பெற்ற குழந்தையைத் தீயணைப்பு நிலையத்தில் விட்டுவிடுகிறாள். கைக்குழந்தையை இப்படி ஒப்படைக்கும் தாய்க்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்க முன்வந்த முதல் மாநிலமே டெக்சாஸ்தான், அதுவும் 1999-இல். கதை நடக்கும் காலத்தில் அவளுக்கு அந்த வழியும் கிடையாது. பலமுறை கருக்கலைந்து மனம் நொந்திருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அந்தக் குழந்தையை வளர்க்கத் தொடங்குகிறார்கள். பீபி மனம் தேறி வந்து கேட்கும்போது வழக்கு நீதிமன்றம் ஏறுகிறது. குழந்தைக்கு என்னென்ன பொம்மைகள் வாங்கித் தந்தீர்கள், அவற்றில் அவளைப் போன்ற முகமுள்ள பொம்மை உண்டா என்று பீபியின் வழக்கறிஞர் கேட்க, வளர்ப்புத் தாய் திணறும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தத் தாயும் கெட்டவள் இல்லை, அக்கா. அதுதான் படிக்கிறவர் நெஞ்சை அறுக்கிறது. பீபியின் மனத்துக்குள் ஆசிரியர் இன்னும் ஆழமாகப் போயிருக்கலாம் என்பது மட்டும் என் குறை.

குழுவில் ஒருவர், "குழந்தையை விட்டுப் போனவளுக்கு அம்மா என்று சொல்லிக்கொள்ள என்ன உரிமை?" என்றார். எதிரே இருந்த கறுப்பினப் பெண்மணி, பணம் இருப்பவர்கள் பிள்ளையை விடுதிப் பள்ளிக்கு அனுப்பினால் அதை யாரும் 'விட்டுப் போனது' என்று சொல்வதில்லையே என்று அமைதியாகக் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. எட்டு மாதக் குழந்தையை உங்களிடம் கொடுத்துவிட்டுப் படிப்பை முடிக்க விமானம் ஏறியவள் நான். காப்பகத்துக்குக் கட்டப் பணம் இல்லை என்ற காரணம் உண்மைதான். அவளைத் தூக்கி வளர்க்க நீங்கள் இருந்தீர்கள். பீபிக்கு யாரும் இல்லை. எனக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அக்கா, உங்களிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். பாப்பாவை அழைத்துவந்தபோது, "இரண்டே நாளில் பழகிவிட்டாள்" என்றேன். ஒரு மாதத்துக்கும் மேல் அவள் தினமும் காலையில் தானே செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு, மாடிக் கதவுக்கு முன்னால் வந்து நின்று, "அம்மாகிட்ட போலாம்" என்று என்னிடமே கேட்டாள். அம்மா என்று அவள் சொன்னது உங்களை. நீங்கள் கேட்டால் வருந்துவீர்கள் என்றுதான் மறைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொறாமையால் மறைத்தேன் என்பதே உண்மை. உங்களைப் 'பெரியம்மா' என்று சொல்லச் சொல்லி, ஒவ்வொரு முறையும் திருத்தித் திருத்திப் பழக்கியவளும் நான்தான். விமான நிலையத்தில் அவளை என் கையில் கொடுத்துவிட்டு, அவளுடைய பால் புட்டியைப் பிடித்தபடியே நின்ற உங்களை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

அத்தானிடம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறேன். பாப்பாவுக்கு உங்களை எப்படிக் கூப்பிடத் தோன்றுகிறதோ அப்படியே கூப்பிடட்டும். நான் குறுக்கே பேச மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை