கொல்லிமலை முகாமும் உடல்நலப் படிவமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. குறுவட்டப் போட்டிகளில் நம் கபடி, கோ-கோ அணிகள் சிறப்பாக ஆடின. அறிவியல் கண்காட்சியும் நன்றாக நடந்தது. பங்கேற்ற எல்லோருக்கும் பாராட்டுகள்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இயற்கை முகாமுக்காகக் கொல்லிமலை செல்கிறார்கள். ஒப்புதல் படிவங்கள் வரத் தொடங்கிவிட்டன. பலவற்றில் உடல்நலம் பற்றிய கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு, அல்லது ‘ஒன்றுமில்லை’ என்று மட்டும் இருக்கிறது. இதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

சென்ற மாதம் பக்கத்துக் குன்றுக்கு நடந்துபோனபோது, பாதி ஏற்றத்தில் ஒரு மாணவிக்கு வீசிங் வந்துவிட்டது. அவள் படிவத்திலும் ‘ஒன்றுமில்லை’தான். இன்ஹேலர் வீட்டில் இருந்தது. தோழி சொன்ன பிறகே ஆசிரியைக்கு விவரம் தெரிந்தது. உடனே கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். இப்போது நலமாக இருக்கிறாள்.

சொன்னால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று தயங்குகிறீர்கள். பெண்பிள்ளைக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் என்னாகுமோ என்ற பயமும் எனக்குப் புரிகிறது. அந்தத் தாளை வகுப்பாசிரியரும் முகாம் பொறுப்பாசிரியரும் மட்டுமே பார்ப்பார்கள். யாரையும் ஒதுக்குவதற்காக நாங்கள் கேட்கவில்லை. வலிப்பு உள்ள பிள்ளைக்கு முழங்கால் அளவு தண்ணீரும் ஆபத்துதான். தெரிந்திருந்தால் ஓர் ஆசிரியர் கூடவே நிற்பார். மலைக் குளிரில் ஏறி இறங்கினால் இளைப்பு கூடலாம். தெரிந்திருந்தால் இன்ஹேலர் எங்கள் பையிலும் ஒன்று இருக்கும். மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், பேருந்தில் வாந்தி வரும் பிள்ளைகளைப் பற்றியும் எழுதுங்கள்.

பழைய அடிகளையும் மறைக்காதீர்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்தான படிகள். இறங்கியதை எல்லாம் ஏறியும் ஆக வேண்டும். கணுக்கால் பிசகினால் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, மறுநாளே கபடிக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வளரும் வயதில் எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு மென்மையானது. சுளுக்கு போலத் தெரிவது அங்கே ஏற்பட்ட முறிவாகவும் இருக்கலாம். வீக்கத்தோடு கால் ஊன்ற முடியாவிட்டால் உருவ வேண்டாம், மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை அன்றைக்கு மறுபடி களத்தில் இறங்கவே கூடாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். உடல்நலப் பகுதி முழுமையாக நிரப்பப்படாத படிவத்தோடு வரும் பிள்ளையைப் பேருந்தில் ஏற்ற மாட்டோம். கட்டணம் செலுத்தியிருந்தாலும், யார் பரிந்துரைத்தாலும் இதில் மாற்றம் இல்லை. செருப்போடு வருபவர்களுக்கும் இதே விதிதான். காட்டுப் பாதைக்குக் கட்டாயம் ஷூ வேண்டும்.

பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்புகிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. சென்ற நடைப்பயணத்தில் உடன் வந்து உதவிய பெற்றோர்களுக்கும் நன்றி. எழுதத் தயக்கமாக இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள், நேரில் பேசலாம். ஏற்கெனவே படிவம் கொடுத்தவர்களும் வகுப்பாசிரியரிடம் திரும்பப் பெற்று, விடுபட்டதை எழுதிப் பொங்கல் விடுமுறைக்கு முன் ஒப்படையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்