அடிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் நடைப்பயிற்சி பற்றி வெளிவரும் கட்டுரைகள் பலரையும் நடக்கத் தூண்டுகின்றன. எனினும் அவை பெரும்பாலும் நாளொன்றுக்கு எத்தனை அடிகள் என்பதோடு நின்றுவிடுகின்றன. பத்தாயிரம் அடிகள் என்ற இலக்கே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவுக் கருவி ஒன்றின் பெயரால் பரவியதுதான்; மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. ஓர் அடி எடுத்து வைக்கையில் மூட்டுகள் எவ்வாறு அசைகின்றன என்பதையும் வாசகர்களுக்கு விளக்க வேண்டும் என்பதே இயன்முறை மருத்துவன் என்ற முறையில் என் வேண்டுகோள்.

ஒரு குதிகால் தரையைத் தொட்டது முதல் அதே குதிகால் மீண்டும் தொடும் வரை உள்ளது ஒரு நடைச் சுழற்சி. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் அந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கிறது. எஞ்சிய 40 விழுக்காட்டில் முன்னோக்கி வீசப்படுகிறது. இரு பாதங்களும் ஒருசேரத் தரையில் இருப்பது மொத்தம் 20 விழுக்காடு. ஓட்டத்தில் இந்த நிலை அறவே இல்லை. விழுந்துவிடுவோமோ என்று அஞ்சும் முதியவரின் நடையில் இது நீள்கிறது.

முழங்கால் ஒரு சுழற்சியில் இருமுறை மடங்குகிறது. குதிகால் பதிந்தவுடன் 15 முதல் 20 டிகிரி வரை மடங்கி எடையின் அதிர்வை வாங்கிக்கொள்ள, முன்தொடைத் தசை அம்மடக்கம் மிகாமல் பிடித்து நிறுத்துகிறது. பின்பு காலை வீசும்போது 60 டிகிரி அளவுக்கு மடங்குகிறது. வீசும் காலின் விரல்கள் தரைக்கு மேல் ஓரிரு சென்டிமீட்டர் உயரத்திலேயே கடந்து செல்வதால், இம்மடக்கம் சற்றுக் குறைந்தாலும் சமதரையிலேயே கால் தடுக்கும். படுக்கவைத்துச் சோதிக்கையில் முழங்கால் நன்றாக மடங்கும் ஒருவர், எழுந்து நடக்கும்போது வலிக்கு அஞ்சியோ தசை வலுவின்மையாலோ அதை விறைப்பாகவே வைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நோயாளியை நடக்கவிட்டுப் பாராத மூட்டுப் பரிசோதனை முழுமையானதன்று என்றே கருதுகிறேன்.

ஊன்றிய காலை உடல் கடந்து செல்லும் தருணம் இன்னும் நுட்பமானது. அப்போது அந்தக் காலின் தொடை உடலுக்குப் பின்னே செல்லுமாறு இடுப்பு மூட்டு பின்னோக்கி 10 முதல் 20 டிகிரி வரை நீள வேண்டும். கீழ்க்கால் பாதத்தின் மேல் ஏறத்தாழ 10 டிகிரி முன்சாய வேண்டும். குதிகால் எழும்போது பெருவிரலின் அடிமூட்டு மேல்நோக்கி நன்கு வளைய வேண்டும். அதன்பிறகே கெண்டைக்கால் தசைகள் உடலை முழு வலுவுடன் உந்த முடியும். நெடுநேரம் அமர்ந்தே இருப்பவர்களுக்கு இடுப்பின் முன்புறத் தசைகள் இறுகி இந்த நீட்சி குறையக்கூடும். அடி குறுகும், குறையை ஈடுகட்ட இடுப்புக்கு மேலே முதுகு கூடுதலாக வளையும். அத்தகையவர் அடிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் அதே பிழையையே கூடுதல் முறை செய்கிறார்.

ஆகவே, அடுத்த முறை நடைப்பயிற்சி குறித்து எழுதும்போது, பக்கவாட்டிலிருந்து பார்த்த நடையின் கட்டங்களைப் படமாக வெளியிட வேண்டுகிறேன். வீட்டில் உள்ளோரின் நடையைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே, குதிகால் முதலில் பதிகிறதா, பின்கால் உடலுக்குப் பின்னே போகிறதா என்பது தெரிந்துவிடும். ஒரு பக்கத்துப் பாதம் மட்டும் திடீரெனத் தரையில் இழுபட்டால், அது நரம்பு பாதிப்பாகவோ பக்கவாதத்தின் தொடக்கமாகவோ இருக்கலாம் என்பதால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் அப்படத்தின் கீழே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்