சீட்டு வேண்டாம் என்றால் தீங்கில்லை என்று அர்த்தமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரைகளைப் பரிந்துரைத்த கட்டுரையைப் படித்தேன். ‘மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைப்பவை என்பதால் இவற்றைப் பயமின்றிச் சாப்பிடலாம்’ என்று ஒரு வரி. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வழக்கமாகவே வராது என்பது வேறு விஷயம்.

எனக்கு வயது 71. உங்கள் சந்தாதாரராக 20 ஆண்டுகள் ஆகின்றன. தூக்கத்தோடு எனக்குள்ள தகராறு அதைவிடப் பழையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு வரியை நம்பி (எந்த இதழில் என்று கேட்காதீர்கள், பதில் உங்களுக்குப் பிடிக்காது) ஒரு மாத்திரை வாங்கினேன். அட்டையின் முன்பக்கம் நிலா, நட்சத்திரங்கள். பின்பக்கம், பூதக்கண்ணாடிக்கு மட்டுமே தெரியும் எழுத்தில், டைஃபென்ஹைட்ரமின். அப்போது எனக்குச் சளி வேறு. அதற்காகக் குடித்துக்கொண்டிருந்த சிரப்பிலும் அதே டைஃபென்ஹைட்ரமின்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பெயர் வேறு, அட்டை வேறு, உள்ளே இருப்பது ஒன்று. நான் இரண்டையும் சாப்பிட்டேன்.

முதல் இரவு நன்றாகத் தூங்கினேன், மறுக்கவில்லை. மறுநாள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையில் ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டேன் என்று என் மனைவி சொல்கிறார், எனக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் இரவு சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. எனக்குப் புராஸ்டேட் வீக்கம் உண்டு. நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். குழாய் போட்ட இளம் மருத்துவர், “ஐயா, வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை” என்றேன். பொய் சொல்லவில்லை. சீட்டில்லாமல் வாங்கியதை நான் மருந்துக் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை. உங்கள் வரி செய்கிற வேலை இதுதான்.

உங்களுக்குத் தெரியாததா? டைஃபென்ஹைட்ரமினும் டாக்சிலமினும் அலர்ஜிக்கான பழைய மருந்துகள். மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினைத் தடுப்பதால் தூக்கக் கலக்கம் வருகிறது. அந்தப் பக்கவிளைவையே முன்பக்கத்தில் அச்சடித்துத் தூக்க மாத்திரை என்று விற்கிறார்கள். கூடவே நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசெட்டைல்கோலினையும் தடுப்பதால் வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, முதியோருக்குக் குழப்பம். தூக்கம் தரும் பலனோ சில நாட்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இவை வேண்டாம் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் ‘பியர்ஸ்’ பட்டியல் சொல்கிறது. உங்கள் கட்டுரையில் ‘65’ என்ற எண் இருந்தது உண்மைதான், பக்க எண்ணாக.

அப்புறம் மெலடோனின். ‘இயற்கையானது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். பாம்பின் விஷமும் இயற்கைதானே? மெலடோனின் ஒரு ஹார்மோன். இருட்டிவிட்டது என்று உடம்புக்குச் சொல்வது அதன் வேலை. நெடுந்தூர விமானப் பயணத்தில் நாள்கணக்கு குழம்பியவருக்கு உதவும். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிற என்னைப் போன்றவருக்கு அதிகம் செய்யாது. சில நாடுகளில் அதற்கே சீட்டு வேண்டும். துணை உணவாக விற்கும் இடங்களில் அட்டையில் போட்ட அளவையும் நம்ப முடியாது: 2017-இல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, ஒன்றில் சொன்னதைவிட 83 சதவீதம் குறைவு, இன்னொன்றில் 478 சதவீதம் அதிகம். அதே ஆண்டு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி, நாள்பட்ட தூக்கமின்மைக்கு டைஃபென்ஹைட்ரமின், மெலடோனின், வலேரியன் என்ற மூலிகை எதையும் பரிந்துரைக்கவில்லை. நீங்கள் மூன்றையும் பரிந்துரைத்திருக்கிறீர்கள். துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

நீண்டநாள் தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை இல்லை, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-லேயே சொல்லிவிட்டது. படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வருவது. எனக்கு ஆறு வாரம் பிடித்தது. முழுக்கச் சரியாகவில்லை, பாதி சரியானது. அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு பத்தி கூட இதுவரை வந்ததில்லை. அதற்கு விளம்பரம் தர ஆள் இல்லை போலும். இந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே மூலிகைத் தூக்கக் குளிகை விளம்பரம் முழுப்பக்கம் வந்தது தற்செயல் என்றே நம்புகிறேன். கேள்வி-பதில் பகுதியில் எதைக் கேட்டாலும் ‘தகுந்த மருத்துவரை அணுகவும்’ என்பவர்களுக்கு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மருத்துவரே தேவைப்படாமல் போனதும் தற்செயலாகவே இருக்கட்டும். குறுக்கெழுத்து விடைகள் இரண்டு இதழாக வரவில்லை, அதை இங்கே கிளறவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம். மாத்திரையின் விற்பனைப் பெயரை விட்டுவிட்டு உள்ளிருக்கும் மருந்தின் பெயரைப் போடுங்கள். முதியவர்களும் புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். சளி சிரப்பையும் மறக்காமல் சேர்த்து, என்னால் படிக்க முடிகிற எழுத்தில்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத ஒரு சந்தாதாரர்

பின்குறிப்பு: போன ஆண்டு நான் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள். இதையும் வெட்டுவீர்கள், தெரியும். மருந்தின் பெயரை மட்டும் வெட்டாதீர்கள்.