பசளைக் கையேட்டில் பசளை வியாபாரியின் விளம்பரமா?

ஆசிரியர் அவர்கட்கு,

அரச திணைக்களங்களும் அதிகாரசபைகளும் தமது கையேடுகளில் கட்டண விளம்பரம் சேர்த்தால் அச்சுச் செலவு குறையும் என்பதை நாம் மறுக்கவில்லை. வங்கியொன்று பின்னட்டையை வாங்கினால் எவருக்கும் கேடில்லை. ஆனால் கையேடு எதைப் பற்றி ஆலோசனை சொல்கிறதோ, அதையே விற்பவரின் விளம்பரம் அதற்குள் வரவே கூடாது.

தேயிலைச் சிற்றுடைமையாளருக்கான பசளைக் கையேட்டை எடுத்துக்கொள்வோம். தேயிலை மண்ணின் பீஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, 4.5 முதல் 5.5 வரை இருப்பது நல்லது. மண்ணைப் பரிசோதித்து, தேவையென்றால் மட்டும், செடியை வெட்டிவிடும் கவ்வாத்தை ஒட்டி, அமிலத்தன்மையைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூளான டொலமைட்டை இடுவதே முறை. அதை யூரியாவுடன் சேர்த்து இட்டால் நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். இட்ட பசளைக்காசு வீண். இந்த அறிவுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே, தளதளவென்ற கொழுந்துப் படத்தோடு "ஆண்டுதோறும் இடுங்கள்" என்று டொலமைட் விளம்பரம் வந்தால்? அட்டையில் அரச இலச்சினை இருக்கிறது. உள்ளே உள்ளதெல்லாம் அரசாங்கம் சொன்னது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். பரிசோதனை செய்யாமல் ஆண்டுதோறும் கொட்டினால் தேயிலைக்கு வேண்டிய அமிலத்தன்மையே குலைந்துவிடும்.

தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மா விடயத்தில் இந்த எல்லையை உலகம் 1981இலேயே போட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நெறிக்கோவை அத்தகைய விளம்பரம் பொதுமக்களிடம் போவதையே தடுக்கிறது. விவசாயக் கையேட்டுக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

தமிழ்ப் பதிப்புக்கு வரும் பாதிப்பு தனி. கம்பி தைக்கும் கையேட்டில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், குறையும். 32 பக்கம் என்று தீர்மானித்த பிறகு கடைசி நேரத்தில் இரண்டு விளம்பரம் வந்தால், இன்னும் நான்கு பக்கம் கூட்ட வேண்டும். இல்லையேல் இரண்டு பக்க விடயத்தை வெட்ட வேண்டும். பணம் கட்டியவரின் பக்கத்தில் எவரும் கைவைக்க மாட்டார்கள். அதே விடயம் தமிழில் சிங்களத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஆகவே எழுத்தை 10 புள்ளியிலிருந்து 8க்கு இறக்குவார்கள், அல்லது அட்டவணைக்குக் கீழுள்ள எச்சரிக்கைக் குறிப்பை எடுத்துவிடுவார்கள். அந்தக் குறிப்புத்தான் முக்கியம். விளம்பரமோ பெரும்பாலும் சிங்களத்தில் செய்த வடிவமாகவே வந்து சேரும், அப்படியே ஒட்டப்படும்.

விளம்பரம் கட்டாயம் வேண்டுமென்றால் அட்டையின் உட்புறங்களோடும் பின்புறத்தோடும் நிற்கட்டும். ஒவ்வொன்றின் மேலும் "கட்டண விளம்பரம்" என்று கையேட்டின் உள்ளடக்க எழுத்தின் அளவிலேயே போடட்டும். தமிழ்ப் பதிப்பில் வருவது தமிழில் இருக்கட்டும். விடயப் பக்கங்களுக்குக் கையொப்பமிடும் உத்தியோகத்தரே விளம்பரத்தின் இறுதி வடிவத்தையும் பார்த்து ஒப்பமிட வேண்டும். தற்போது அது நேரே அச்சகத்துக்குப் போய்விடுவதால்தான் இந்த முரண்பாடெல்லாம்.

பணத்திலும் ஒளிவுமறைவு கூடாது. "நாங்களே அச்சடித்துத் தருகிறோம், எங்கள் பெயரைப் போடுங்கள்" என்ற ஏற்பாட்டில் பற்றுச்சீட்டே இராது. திணைக்களத்துக்கு வரும் வருமானம், வேறு சட்ட ஏற்பாடு இல்லாவிட்டால், அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரைப்படி அரசின் பொது வருமானம் சேரும் திரட்டு நிதியத்துக்கே சேர வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட பிரதிகள், செலவு, விளம்பர வரவு மூன்றையும் போட இரண்டு வரி போதும். போடாத நிறுவனத்திடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் தமிழிலேயே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். விளம்பர ஒப்பந்தப் பிரதியையும் பற்றுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்தே கேளுங்கள்.

பதிப்பு, மொழிபெயர்ப்புப் பணியாளர்கள் சிலர்,
ஹட்டன்.