ஓராண்டு மானியம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண் பிள்ளைகளின் படிப்புக்காகக் கிராமங்களில் உழைக்கும் சிறிய அமைப்புகளுக்குப் பல நிறுவனங்கள் தம் லாபத்திலிருந்து சமூகப் பணிக்கு ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதியை ஓராண்டு மானியமாகவே வழங்குவதால், மார்ச் முடிந்து அடுத்த தவணை வரும்வரை மாலை வகுப்பு ஆசிரியைக்குச் சம்பளம் இருப்பதில்லை. எட்டாம் வகுப்பில் இடைநின்ற சிறுமியை மீண்டும் பள்ளியில் சேர்த்து, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்வரை உடன்நிற்க ஓராண்டு எப்படிப் போதும்? 2021இல் திருத்தப்பட்ட சமூகப் பொறுப்பு நிதி விதிகள், தொடங்கும் நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நீளும் திட்டங்களை அனுமதிக்கின்றன. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகள் அதைப் பிற அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க 2020ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடை விதித்துவிட்டதால், உள்நாட்டு நிதியின் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது. நிறுவனங்கள் மூன்றாண்டு ஒப்பந்தம் செய்து, கணக்கறிக்கையைத் தமிழிலேயே பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
தருமபுரி