‘புளூ ரூயின்’: பழிவாங்கத் தெரியாதவனின் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழிவாங்கும் படங்களைப் பற்றி உங்கள் சினிமா பக்கம் அடிக்கடி எழுதுகிறது. அந்த வரிசையில் ஜெரிமி சால்னியர் எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கிய ‘புளூ ரூயின்’ என்ற அமெரிக்கப் படத்துக்கும் ஓரிடம் வேண்டும். 2013-ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் ‘டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்’ பிரிவில் திரையிடப்பட்டு, சர்வதேச விமர்சகர்களின் ஃபிப்ரெஸி விருது பெற்ற படம் இது. அப்படியிருந்தும் பலர் கண்ணில் படவே இல்லை.

பெற்றோரைக் கொலைக்குப் பறிகொடுத்த டுவைட், கடற்கரையோரம் துருப்பிடித்த நீல நிற போன்டியாக் காரில் குடியிருக்கிறான். அந்தக் கொலைக்காகச் சிறை சென்றவன் விடுதலையாகப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிடுகிறான். கதையாக இவ்வளவு சொன்னால் போதும்.

முதல் காட்சியிலேயே ஆளைப் புரிந்துகொள்ளலாம். தொட்டியில் ஒருவன் நிம்மதியாகக் குளிக்கிறான். அவன் வீடுதான் என்று நினைப்போம். ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும் ஜன்னல் வழியே ஓடுகிறான். யார் வீட்டுக்குள்ளோ புகுந்திருக்கிறான். பெற்றோர் கொலையுண்ட காட்சியைப் படம் எந்த இடத்திலும் காட்டுவதில்லை. இடைவேளைக்குப் பிறகு ஃப்ளாஷ்பேக் வந்து நம் ரத்தத்தைச் சூடேற்றும் என்று காத்திருக்க வேண்டாம். நடந்த கொடுமை அவன் தாடியிலும், பேச வாயெடுத்தால் தொண்டையிலேயே நின்றுவிடும் குரலிலும் இருக்கிறது. தாடியை மழித்த பிறகு, யாரையும் கைநீட்டி அடித்திராத குமாஸ்தா மாதிரி ஆகிவிடுகிறார், டுவைட்டாக நடித்த மேக்கன் பிளேர். அந்த முகத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

அடுத்தடுத்த பிசகுகளைக் கோர்த்திருக்கும் விதம்தான் இந்தப் படத்தின் உயிர். துப்பாக்கி ஒன்றைத் திருடுகிறான். அதன் விசையில் பூட்டு. உடைக்கப் பார்த்ததில் துப்பாக்கியே கெட்டுப்போகிறது. கையில் மிஞ்சுவது கத்தி. விடுதலையானவனைக் கழிவறையில் அதனால் கொன்றுவிட்டு, துரத்தி வராமலிருக்க எதிரிகளின் லிமோசின் டயரைக் குத்துகிறான். தன் கையையே கிழித்துக்கொள்கிறான். பார்த்தால், சொந்தக் கார் சாவியைக் காணோம்! டயர் போன அதே லிமோசினில்தான் தப்ப வேண்டியிருக்கிறது. விட்டுவந்த போன்டியாக்கோ சகோதரி வீட்டு முகவரியில் பதிவானது. நடந்தது செய்தியில் வரவில்லை என்றதும் அவனுக்கு உறைக்கிறது: அவர்கள் போலீசுக்குப் போகவில்லை, நேரே வீட்டுக்கு வரப்போகிறார்கள். ஆறாத காயத்தோடு அவசரப்படுகிறவன் அடுத்த அடியை யோசிப்பதில்லை. விலையை அவன் குடும்பமும் கொடுக்கிறது.

குறுக்குவில் அம்பு காலில் பாயும் காட்சியையும் கவனியுங்கள். மற்ற படங்களில் நாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கி எறிவான். இவன் கடையில் சாமான் வாங்கிவந்து முயன்று, முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். வலி இங்கே வலியாகவே இருக்கிறது.

குறையும் உண்டு. பழைய பள்ளித் தோழன் பென், வேண்டிய நேரத்தில் வேண்டிய துப்பாக்கிகளோடு கிடைப்பது கொஞ்சம் சௌகரியமான ஏற்பாடு. ஆனாலும், வசனம் பேசிக்கொண்டு நிற்காதே என்று அவன் கொடுக்கும் பாடம் நூறு படங்களுக்கான பதில்.

சால்னியரும் பிளேரும் சிறுவயது நண்பர்கள். கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் 35,000 டாலர் இலக்கு வைத்துப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். சொந்தச் சேமிப்பும் கரைந்தது. மொத்தச் செலவு சுமார் 4,20,000 டாலர். கேனான் சி300 கேமராவில், பெரும்பாலும் வர்ஜீனியாவில் எடுத்தார்கள். பணமில்லாத குறை ஒரு ஃபிரேமிலும் தெரியாது.

பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஓட்டம் ஒன்றரை மணி நேரம், நிறுத்தாமல் பாருங்கள். டிரெய்லரைத் தவிர்த்துவிடுங்கள். பலரும் முணுமுணுப்பாகவே பேசுவதால் சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது. தொடக்கத்தில் வசனம் மிகக் குறைவு. அங்கே போனை எடுத்தால் பாதிக் கதை போய்விடும். சிறுவர்களுக்கான படமல்ல. கழிவறைக் கொலையும், பிற்பாதியில் வரும் ஒரு துப்பாக்கிச் சூடும் மிகக் கோரமானவை. வன்முறைக்கு உறவினரைப் பறிகொடுத்தவர்கள் தனியாகப் பார்க்காமல் துணையோடு பார்க்கட்டும்.

வாரம் ஒரு சிறு பட்ஜெட் அயல்நாட்டுப் படத்துக்கு அரைப் பத்தி ஒதுக்கினாலும் போதும். இந்தப் படத்திலிருந்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்